நகல் எடுத்த தேதி

மரவள்ளி ஆராய்ச்சிப் பண்ணை,
ங்காட்டா பே, மலாவி
20 ஜனவரி 2007

வோங்கானிக்கு,

'அன்புள்ள' என்று போடவில்லை. கவனித்திருப்பாய்.

இன்று காலை நாற்று வண்டி வந்தது. டிரைவர் மசேயா வண்டியை நிறுத்துவதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்னம்மா, வானத்தையே முழுங்கிட்டீங்களாமே! ஏப்பம் வந்துச்சா?" என்று கேட்டான். பயிற்சிக்கு வந்திருந்த பதினான்கு மாணவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்புறம் அவனே சொன்னான். வாரா வாரம் நீ நூலக வாசலில் ஒட்டுகிற பட்டியலில், செயற்கைக்கோள் இணையத்தை அதிகம் இழுத்த பத்துப் பேரில் என் பெயர்தான் முதலாவதாம். பக்கத்திலேயே சிவப்பு மையில், உன் கையெழுத்தில்: 'எங்கள் மதினி. வானத்தையே விழுங்கியவர்.'

நான் உன் அத்தை மகள், நீ என் மாமன் மகன். கேலி செய்ய உனக்கு உரிமை உண்டு, அதற்கு நான் கோபித்துக்கொள்ளக் கூடாது. நம் ஊர் வழக்கம் எனக்கும் தெரியும். உன் கல்யாணத்தன்று உன் தலையில் ஒரு கூடை மாவைக் கொட்டியவள் நான்தானே. ஆனால் அது வீட்டு முற்றம். நூலக வாசலில் நான் யாருக்கும் மதினி இல்லை. அங்கே நான் பாடம் நடத்துகிறவள்.

அப்படி என்ன இழுத்தேன் தெரியுமா? மரவள்ளிக் கிழங்கை உள்ளேயே பழுப்பாக அழுகவைக்கும் நோயைப் பற்றி நாற்பத்தொரு கட்டுரைகள், படங்களோடு. இங்கே பண்ணையில் இணையமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. போன் எடுக்க வேண்டுமென்றால் மேட்டில் ஏற வேண்டும். எப்போதாவது வண்டியில் பல்கலைக்கழகத்துக்கு வரும்போதுதான் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள முடியும். மிச்சம், ஹாலந்து உதவித்தொகைக்கான படிவங்கள்.

அதைப் பற்றி உன்னிடம் நேரில் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தேன். முப்பத்தைந்து வயதுக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். ஆகஸ்டில் எனக்கு முப்பத்தாறு. இந்த வருடத்தை விட்டால் முனைவர் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான். அங்கிருக்கும் பேராசிரியை என்னை மாணவியாக எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். மார்ச் 30 கடைசித் தேதி. விண்ணப்பம் போக வேண்டியது மட்டும்தான் பாக்கி.

என் பெயரை எடு.

அலினாஃபே


கணினி மையம்,
கலிரா பல்கலைக்கழகம்
27 ஜனவரி 2007

அன்புள்ள மதினிக்கு,

நான் 'அன்புள்ள' போட்டுவிட்டேன். பதிலுக்குப் பதில்.

கோபப்படக் கூடாது என்று நீங்களே எழுதிவிட்டு, ஒரு பக்கம் முழுக்கக் கோபப்பட்டிருக்கிறீர்கள். சரி, சிவப்பு மை என் தப்புத்தான். சும்மா இருந்த கையால் எழுதிவிட்டேன். ஆனால் பட்டியல் தப்பில்லை. மூவாயிரத்து இருநூறு பேருக்கு ஒரே ஒரு செயற்கைக்கோள் இணைப்பு. வெளிநாட்டில் ஒரு வீட்டுக்கு வருகிற இணைப்பு, இங்கே ஒரு பல்கலைக்கழகத்துக்கு. பையன்கள் அதில் கால்பந்துப் படம் இறக்குகிறார்கள். ஒரு துறைத்தலைவர் பாட்டாக இறக்கித் தள்ளுகிறார், பெயர் சொல்ல மாட்டேன். (போன மாதப் பட்டியல்களைப் பாருங்கள்.) அதட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், ஒருத்தரும் மதிக்கவில்லை. பெயரை வாசலில் ஒட்டினேன், மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. ஒருவர் கட்டுரை இழுத்தாரா பாட்டு இழுத்தாரா என்று எண்ணிக்கைக்குத் தெரியாது. அங்கேதான் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

பெயரை அடித்துவிட்டேன். ஹாலந்து விஷயம் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. அத்தையிடம் சொல்லிவிட்டீர்களா?

ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை வரும்போது நேராக என் அறைக்கு வாருங்கள். என் மேசையில் இருக்கிற கணினி மட்டும் நேராக வெளியே போகும், இடையில் எந்த சர்வரும் கிடையாது. வரிசையில் காத்திருக்கவும் வேண்டாம். தேநீரும் தருகிறேன்.

வோங்கானி


ங்காட்டா பே
10 பிப்ரவரி 2007

வோங்கானி,

தேநீர் வேண்டாம்.

பட்டியலில் முதலாவதாக வந்தவள் இப்போது கணினி மையத் தலைவரின் அறையில் உட்கார்ந்து தனிவழியில் போகிறாள் என்று பேச்சு வர வேண்டுமா? "சொந்தக்காரன் இருந்தா வானமும் கிடைக்கும்" என்பார்கள். நான் நூலகத்தில் எல்லாரோடும் வரிசையில் நிற்பேன். ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து, உதவித்தொகை அறிவிப்பில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுந்துவிடுவேன். படம் இல்லாத சின்னப் பக்கம்தான் அது. உன் எண்ணிக்கையில் கடைசி ஆளாக இருக்கப்போகிறேன், பார்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கம்பளிச் சட்டை யாரிடம் பின்னக் கொடுக்கலாம் என்று இப்போதே விசாரிக்கிறாள்.

அலினாஃபே


கணினி மையம்
22 பிப்ரவரி 2007

மதினிக்கு,

16ஆம் தேதி வந்தீர்கள். நூலகத்தில் மூன்றாவது இருக்கை. ஒரே ஒரு பக்கம், நான்கு நிமிடம். என் அறை முப்பது அடி தள்ளித்தான் இருக்கிறது. எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டீர்கள். என்னிடமிருந்து எதையும் மறைக்க முடியாது, எல்லாம் என் பதிவேட்டில் விழும்.

அந்தப் பக்கம் நான்கு நிமிடத்தில் வந்ததே, அது எப்படி என்று யோசித்தீர்களா? பதிவு வாரம், அறுநூறு புது மாணவர்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள், போதாததற்கு மழை. மேகம் கறுத்தாலே கூரைமேல் இருக்கிற ஆண்டெனாத் தட்டுக்குக் காது கேட்காது. ஒரு பக்கம் திறக்கப் பதினைந்து நிமிடம் ஆனது, பாதிப் பேர் திட்டிக்கொண்டே எழுந்து போனார்கள். 12ஆம் தேதி ஒரு வேலை செய்தேன். எப்படி என்பது தொழில் ரகசியம். இப்போது ஓடுகிறது பாருங்கள்! பேராசிரியர் ம்சிஸ்கா, துணைவேந்தரேதான், மாடியேறி வந்து, "என்னய்யா பண்ணின? பாலைவனத்துல தண்ணி வந்த மாதிரி இருக்கு" என்று என் முதுகில் தட்டினார். ஆறு வருடத்தில் இந்த மனிதர் என்னைத் திட்டுவதற்கு மட்டும்தான் மாடியேறி இருக்கிறார்.

உங்களிடம் பெருமை அடித்துக்கொள்ளாமல் வேறு யாரிடம் அடித்துக்கொள்வது? பேசாமல் இருக்காதீர்கள்.

வோங்கானி


ங்காட்டா பே
22 மார்ச் 2007

அன்புள்ள வோங்கானி,

போய்விட்டது.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்தேன். மூன்றாவது இருக்கையில்தான் உட்கார்ந்தேன். பக்கத்தைத் திறந்தால், 'விண்ணப்பங்கள் மார்ச் 9ஆம் தேதியோடு முடிவடைந்தன' என்று இருக்கிறது. பிப்ரவரி 19ஆம் தேதியே மாற்றிவிட்டார்களாம். கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள், காரணம் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் மார்ச் 2ஆம் தேதி நான் பார்த்தேன், வோங்கானி. என் கண்ணால் பார்த்தேன். 'மார்ச் 30' என்று இருந்தது. குறிப்பேட்டிலும் எழுதிவைத்திருக்கிறேன். எப்படித் தவறாகப் படித்தேன்? ஒன்பதை முப்பது என்று யாராவது படிப்பார்களா? முப்பதை மனதில் வைத்துக்கொண்டு போனதால் முப்பதே தெரிந்ததா? அன்றைக்கு விண்ணப்பம் முழுக்கப் பைக்குள் இருந்தது. அப்போதே அனுப்பியிருக்கலாம். இன்னும் நாலு வாரம் கிடக்கிறதே, கடைசிப் பாத்தியையும் தோண்டி அழுகின கிழங்கை எண்ணி, அந்தக் கணக்கையும் சேர்த்து அனுப்பலாம் என்று திரும்பி வந்தேன். பாத்தியைத் தோண்டினேன். கணக்கு அருமையாக வந்திருக்கிறது. என்ன பிரயோசனம்.

"ராத்திரி பகலா படிச்சுப் படிச்சு உனக்குக் கண்ணு போயிடுச்சு" என்கிறாள் அம்மா. பின்னின சட்டையைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள்.

உன்னோடு ஒரு பட்டியலுக்காகச் சண்டை போட்டேன். உன் அறைக்கு வரச் சொன்னாய், வீம்பு பிடித்தேன். வந்திருந்தால் நீயாவது பக்கத்தில் நின்று சரியாகப் படித்துச் சொல்லியிருப்பாய். மன்னித்துவிடு. வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியவில்லை.

மதினி


கணினி மையம்
29 மார்ச் 2007

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன், இது நான்காவது.

மன்னிப்பு எல்லாம் கேட்காதீர்கள். தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள். இந்தப் பக்கங்கள் அப்படித்தான், சொல்லாமல் கொள்ளாமல் மாறும். யாருக்கும் நடக்கக்கூடியதுதான்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அந்தப் பக்கத்தை எந்தெந்தத் தேதியில் திறந்தீர்கள்? பிப்ரவரி 16, மார்ச் 2, மார்ச் 19 மட்டும்தானா? நடுவில் வேறு எங்காவது, ஊரில் ஏதாவது இணையக் கடையில் பார்த்தீர்களா? நன்றாக யோசித்து எழுதுங்கள்.

இங்கே மழை விட்டுவிட்டது.

வோங்கானி


ங்காட்டா பே
12 ஏப்ரல் 2007

அன்புள்ள வோங்கானி,

பிப்ரவரி 16, மார்ச் 2, மார்ச் 19. மூன்றும் நம் நூலகத்தில்தான். எதற்குக் கேட்கிறாய்? பதிவேட்டில்தான் எல்லாம் விழும் என்றாயே.

போன வாரம் மாவட்ட ஆஸ்பத்திரியில் கண் பார்க்க வந்திருந்தார்கள், போனேன். எழுத்துப் பலகையின் கடைசி வரி வரைக்கும் படித்தேன். "ஒண்ணும் இல்லம்மா, கழுகுக் கண்ணு உங்களுக்கு" என்று அனுப்பிவிட்டார் டாக்டர். அதைக் கேட்டு எனக்குப் பயம்தான் அதிகமானது. கண் நன்றாக இருந்தால் கோளாறு வேறு எங்கேயோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இலைகளில் நோய்ப் புள்ளி எண்ணுவதை உதவியாளரிடம் கொடுத்துவிட்டேன். பத்து வருடமாக நான் எண்ணியது. இப்போது ஒரு இலையைப் பார்த்து ஏழு என்று எழுதினால், ஏழுதானா என்று திரும்பத் திரும்ப எண்ணத் தோன்றுகிறது. ஒரு பாத்தியில் நான் மூன்று முறை எண்ணிக்கொண்டு நின்றதை அவள் பார்த்துவிட்டாள்.

இங்கே உசிபா மீன் கொள்ளையாக வருகிறது. காயவைத்தது ஒரு பொட்டலம் மசேயாவிடம் கொடுத்திருக்கிறேன். உன் பெண்டாட்டியிடம் கொடு.

மதினி


கணினி மையம்
26 ஏப்ரல் 2007

மதினிக்கு,

உங்கள் கண்ணில் ஒன்றும் இல்லை. புத்தியிலும் ஒன்றும் இல்லை. மார்ச் 2ஆம் தேதி நீங்கள் பார்த்தது 'மார்ச் 30'தான். சரியாகத்தான் படித்தீர்கள். பொய்யைக் காட்டியது என் சர்வர்.

முழுக்கச் சொல்கிறேன். ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்தால் சர்வர் அதை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்தவர் அதே பக்கத்தைக் கேட்டால் வானத்துக்குப் போகாமல் அந்த நகலையே கொடுத்துவிடும். நம்மைப் போன்ற ஏழை இணைப்புக்கு அதுதான் உயிர். ஆனால் கொடுப்பதற்கு முன்னால், 'இது மாறியிருக்கிறதா?' என்று அந்தத் தளத்தை ஒரு முறை கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கே நம் இணைப்பில் பாதி போய்க்கொண்டிருந்தது. பிப்ரவரி 12ஆம் தேதி நான் அந்தக் கேள்வியை நிறுத்தினேன். முப்பது நாளைக்கு எதையும் கேட்காதே, இருப்பதையே கொடு என்று எழுதிவைத்தேன். புதிதாகக் கொண்டுவரச் சொல்லும் பொத்தானைப் பையன்கள் நூறு தடவை அழுத்துகிறார்கள் என்று அதையும் செத்துப்போகச் செய்தேன். யாருக்கும் சொல்லவில்லை. இதுதான் என் தொழில் ரகசியம்.

அதற்குப் பிறகு, பிப்ரவரி 16ஆம் தேதி, அந்தப் பக்கத்தை முதலில் திறந்தவர் நீங்கள். நகல் உங்களுக்காக எடுத்தது. 19ஆம் தேதி ஹாலந்தில் மாற்றினார்கள். மார்ச் 2ஆம் தேதி உங்களுக்கு உங்கள் பழைய நகலே வந்தது. மார்ச் 18ஆம் தேதி முப்பது நாள் முடிந்தது. 19ஆம் தேதி நீங்கள் பார்த்ததுதான் உண்மையான பக்கம். மார்ச் 2ஆம் தேதி என் அறைக் கணினியில் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

மார்ச் 22ஆம் தேதி நீங்கள் எழுதிய கடிதம் வந்த அன்றைக்கே பதிவேட்டைப் பார்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆக, 29ஆம் தேதி உங்களுக்கு எழுதும்போதே எனக்குத் தெரியும். தேதி கேட்டேனே, தெரியாமல் கேட்கவில்லை. வேறு எங்கேயோ பார்த்தேன் என்று எழுதிவிட மாட்டீர்களா, தப்பித்துக்கொள்ள மாட்டேனா என்றுதான் கேட்டேன். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதைப் படித்த பிறகும் இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உங்கள் மீனைச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை துணைவேந்தரிடம் போய்ச் சொன்னேன். "இப்ப யாரு கேட்டா? அந்தம்மாவே தப்பாப் படிச்சேன்னு சொல்லுதுல்ல? லைன் நல்லா ஓடுது. நீயா ஏன்யா வாயக் கொடுத்து மாட்டிக்கிற?" என்றார். நான் ஹாலந்துக்குப் பதிவேட்டோடு எழுதினேன். நேற்றுப் பதில் வந்தது. இரண்டே வரி. வருந்துகிறார்களாம், விதிவிலக்கு கிடையாதாம்.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், செய்கிறேன்.

வோங்கானி


ங்காட்டா பே
5 மே 2007

கணினி மையத் தலைவர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

சர்வர் செய்ததற்கு நான் அழுதுவிட்டு விட்டுவிடுவேன். உங்கள் கையில் இருந்தது ஒரு முழம் துணி, அதை மூவாயிரம் பேருக்குப் போர்த்தப் பார்த்தீர்கள், எங்கேயோ கிழிந்தது, நான் அந்த இடத்தில் இருந்தேன். இதை என்னால் புரிந்துகொள்ள முடியும். நானும் ஒன்றுமில்லாத பண்ணையில்தான் வேலை பார்க்கிறேன்.

ஆனால் ஒரு மாதம் என் கண்ணையே நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் 'இங்கே மழை விட்டுவிட்டது' என்று எழுதினீர்கள். கிழங்கைத் தொட்டுப் பார்த்தே நோய் சொல்கிறவள், இலையைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணத் தெரியாமல் நின்றேன். என் அம்மா சொந்தக்காரர்களிடம் எல்லாம், "அவளுக்குத் தேதி படிக்கத் தெரியல, என்ன பண்றது" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நான் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன், உண்மைதானே என்று.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மிச்சமான ந்சிமாக் களியைக் காலையில் பிள்ளைகளுக்குக் கொடுக்காத வீடு நம் ஊரில் கிடையாது. அதில் தப்பும் இல்லை. ஆனால் எந்தத் தாயும் அதை இப்போது கிண்டியது என்று சொல்லிக் கொடுப்பதில்லை. நேற்றையது என்று சொல்லித்தான் தட்டில் வைக்கிறாள், வேண்டுமென்றால் சாப்பிடலாம், வேண்டாமென்றால் காத்திருக்கலாம். நீங்களும் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

இரண்டாவது. என் பெயரைச் சிவப்பு மையில் எழுதி ஒட்டிய இடம் உங்களுக்கு நினைவிருக்கும். அதே இடத்தில், அதே மையில், நடந்ததை எழுதி ஒட்டுங்கள்.

அலினாஃபே கசாம்பாரா
பயிர் நோயியல் விரிவுரையாளர்


தளவாட அறை,
கலிரா பல்கலைக்கழகம்
31 மே 2007

மதினிக்கு,

நீங்கள் என்னை 'நீங்கள்' என்று எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஒட்டினேன். 'இணையத்தை இந்தப் பருவத்தில் அதிகம் கெடுத்தவர்' என்று தலைப்புப் போட்டு ஒரே ஒரு பெயர் எழுதினேன். கீழே நான் செய்தது, செய்த தேதி, மறைத்த நாட்கள், உங்கள் கண்ணில் கோளாறு இல்லை என்பது, எல்லாம் சிவப்பு மையில். மத்தியானத்துக்குள் நிர்வாகத்தார் கிழித்துவிட்டார்கள். மறுபடி ஒட்டினேன். மறுநாளும் கிழித்தார்கள். மூன்றாவது தடவை ஒட்டும்போது மசேயா வண்டியை நிறுத்திவிட்டு வந்து, வரிசையில் நின்ற பையன்களுக்கு அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினான். படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "நான் வேற அந்தம்மாவப் பாத்து ஏப்பம் வந்துச்சான்னு கேட்டேனேய்யா" என்றான். அதற்கப்புறம் அதை யாரும் கிழிக்கவில்லை.

இருபத்து மூன்று பேர் வந்து என்னிடம் பேசினார்கள். இரண்டு பேர் வேலைக்கான நேர்முகத் தேர்வைத் தவறவிட்டிருக்கிறார்கள். ஒரு பெண் மூன்று வாரம் பழைய பாடத்திட்டத்தைப் படித்திருக்கிறாள். எல்லாரும் தங்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள், உங்களைப் போலவே. ஒருவர்கூட சர்வரைச் சந்தேகப்படவில்லை.

பதவி போய்விட்டது. இனி என்னைக் கணினிப் பக்கம் விட மாட்டார்களாம். தளவாட அறையில் உட்கார்ந்து நாற்காலிகளுக்கு வெள்ளைச் சாயத்தில் எண் எழுதுகிறேன். நேற்று 412 வரை வந்தேன். சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் சொன்ன முதல் வேலையையும் செய்துவிட்டேன். சர்வர் கொடுக்கிற ஒவ்வொரு நகலுக்கும் மேலே ஒரு வரி வரும். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு எடுத்தது என்று. அதன் பக்கத்தில் புதிதாக எடுத்துவரச் சொல்ல ஒரு பொத்தான், இந்த முறை உயிரோடு. இதனால் இணைப்பு மறுபடி மெதுவாகிவிட்டது. எல்லாரும் என்னைத்தான் திட்டுகிறார்கள். துணைவேந்தர் மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறார்.

உங்கள் ஹாலந்தைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. அத்தைக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பெண் சரியாகத்தான் படித்தாள் என்று.

எழுத வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் எழுதினால், எந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டாலும் சரி.

வோங்கானி


ங்காட்டா பே
16 ஜூன் 2007, மாலை நாலரை மணி

வோங்கானி,

அம்மாவுக்கு நீ எழுதிய கடிதத்தை அவள் என்னையே படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னாள். அப்புறம் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, அந்தக் கம்பளிச் சட்டையை எடுத்து வெயிலில் போட்டாள். இந்த ஏரிக்கரையில் அதைப் போட்டுக்கொண்டால் வெந்துபோவேன். ஆனாலும் அது கொடியில் கிடக்கிறது, போகிற வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், அவளும் எல்லாருக்கும் நடந்ததைச் சொல்கிறாள்.

ஹாலந்துப் பேராசிரியை எழுதியிருந்தார். என் கிழங்குக் கணக்கைக் கேட்டிருக்கிறார், அவருடைய கட்டுரையில் என் பெயரையும் சேர்ப்பாராம். அனுப்பப்போகிறேன். பட்டம் இல்லை. ஆகஸ்டில் எனக்கு முப்பத்தாறு ஆகும், இதே பண்ணையில். இதைப் பற்றி இதோடு விடுகிறேன். புள்ளி எண்ணுவதை உதவியாளரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அங்கே வந்திருந்தேன். உனக்குத் தெரிந்திருக்காது. உன்னிடம்தான் இப்போது பதிவேடு இல்லையே. நூலகத்தில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவன் உன்னைப் பெயர் சொல்லித் திட்டினான். எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பெண், முதலாம் ஆண்டாக இருக்கும். ஏதோ செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிற பக்கத்தைத் திறந்தாள். மேலே உன் வரி வந்தது: 'நகல் எடுத்த தேதி 1 ஜூன், காலை 9.12.' அவள் அதைப் பார்த்துவிட்டு விரலை மடக்கி நாளை எண்ணினாள். "பதினோரு நாளா? ஐயையோ, இது பழசு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். இரண்டு நிமிடம் ஆனது. புதுப் பக்கம் வந்ததும் எதையோ படித்துவிட்டு, பையை வாரிக்கொண்டு ஓடினாள். நாற்காலி கீழே விழுந்தது. அதைத் தூக்கி வைக்கும்போது பின்பக்கம் பார்த்தேன், வெள்ளைச் சாயத்தில் 388.

அங்கே உட்கார்ந்து அழுதேன், எல்லாரும் பார்க்க. அவள் ஓடினாளே என்று சந்தோஷப்பட்டு அழுதேனா, நான் ஓடவில்லையே என்று அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

உன்னை நான் மன்னிக்கவில்லை. பொய் எழுத என்னால் முடியாது. இந்தத் தேதியில், இந்த மணியில் இதுதான் என் மனதில் இருப்பது. ஆனால் இதைக் கொண்டுவர மசேயா வியாழக்கிழமைதான் கிளம்புவான். உன் கைக்கு வரும்போது இந்தக் கடிதம் ஐந்து நாள் பழைய நகல். அதற்குள் இங்கே என்ன மாறியிருக்கும் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரிய வேண்டுமானால் நீ நேரில்தான் வந்து கேட்க வேண்டும். திரும்பி வரும்போது வண்டியில் மசேயாவுக்குப் பக்கத்தில் ஒரு இடம் இருக்கும்.

மதினி